ப்ரோக்ராம் மேனேஜர் இன்டர்வ்யூக்குப் போறீங்களா, "ஜஸ்ட் நவ்"வை வீட்லயே விட்டுட்டுப் போங்க

2014ல மதுரைல இருந்து ஜோஹன்னஸ்பர்க் வந்து வேலைக்குச் சேர்ந்த மொத வாரம். ஒரு டெவலப்பர்கிட்ட போய் அந்த ஃபைல் எப்போ ரெடி ஆகும்னு கேட்டேன், "ஜஸ்ட் நவ்"னு சொன்னான். நானும் நல்ல பிள்ளையா அவன் சீட்டு பக்கத்துலயே ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான், நான் அவனைப் பாத்தேன், அஞ்சு நிமிஷம் ஆச்சு, பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம் அந்தப் பக்கம் உக்காந்திருந்த டர்பன் ஊர்ப் பொண்ணு ஒருத்தி வந்து மெதுவா சொன்னா, இங்க "ஜஸ்ட் நவ்"னா அப்புறமா எப்போவாவதுனு அர்த்தம், "நவ் நவ்"னா கொஞ்சம் சீக்கிரம், வெறும் "நவ்"னு சொன்னா கூட உடனேனு நம்பிடாதீங்கனு. நம்ம ஊர்ல "இந்தா கிளம்பிட்டேன்"னு ஃபோன்ல சொல்றவன் இன்னும் குளிக்கவே போயிருக்க மாட்டானே, அதே கதை தான்.

ப்ரோக்ராம் மேனேஜர் வேலைனா என்னனு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். பத்து டீம் பத்து விதமா சொல்ற "ஜஸ்ட் நவ்"வை எல்லாம் வாங்கி தேதியா மாத்தணும், அதுவும் அந்த பத்து டீம்ல ஒருத்தர் கூட உங்களுக்கு ரிப்போர்ட் பண்ணாத நிலைமைல மாத்தணும், மாத்தினதை மேல இருக்கவங்ககிட்ட மறைக்காம சொல்லணும். பெரிய டெக் கம்பெனி இன்டர்வ்யூல எத்தனை ரவுண்டு வச்சாலும் சுத்திச் சுத்தி இதைத்தான் நோண்டுவாங்க.

இப்போ ஏன் எழுதுறேன்னா, ஜோஹன்னஸ்பர்க்ல இருக்க மெல்ரோஸ் முருகன் கோயிலுக்குப் போனா சாமி கும்பிட்டுட்டு செருப்பு மாட்டுற எடத்துல யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கிறாங்க, அக்கா எனக்கு லூப் (அடுத்தடுத்து பல பேர் எடுக்குற கடைசிக் கட்ட இன்டர்வ்யூ) வந்திருக்கு என்ன படிக்கட்டும்னு. சான்ட்டன், மிட்ராண்ட் பக்கம் இருக்க நம்ம ஐடி ஆளுங்க மட்டும் இல்ல, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பிள்ளைங்களும் நிறைய அப்ளை பண்றாங்க. காரணம் இருக்கு. மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்ல ஜோஹன்னஸ்பர்க்லயும் கேப் டவுன்லயும் டேட்டா சென்டர் திறந்துச்சு, அமேசானோட ஏடபிள்யூஎஸ் 2020 ஏப்ரல்ல கேப் டவுன்ல, கூகுள் க்ளவுட் 2024 ஜனவரில ஜோஹன்னஸ்பர்க்ல, அப்புறம் 2024 மே மாசம் அமேசான் கடையே இந்த நாட்டுக்கு வந்துருச்சு. கேப் டவுன் விஷயத்துல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, 2006ல வெளிவந்த இசி2னு இன்னைக்கு உலகமே ஓடுற அந்த க்ளவுட் சர்வர் சமாச்சாரத்தை உருவாக்கின டீம் அங்க தான் உக்காந்து வேலை பாத்துச்சு. நான் மூணு கம்பெனில ஏறி எறங்கினவ, ஒண்ணுல தோத்தேன், ஒண்ணுல நானே வேணாம்னு வந்தேன், ஒண்ணுல இருக்கேன், இப்போ மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேள்வியும் கேக்குறேன். அதனால ரெண்டு பக்கமும் சொல்றேன்.

மொதல்ல எந்த வேலைக்குப் போறோம்னு தெளிவா தெரிஞ்சுக்கங்க, இதுலயே பாதிப் பேர் சறுக்குறாங்க. ப்ராடக்ட் மேனேஜர் என்ன செய்யணும் எதுக்கு செய்யணும்னு முடிவெடுக்குறவர். ப்ராஜெக்ட் மேனேஜர் ஆரம்பமும் முடிவும் இருக்க ஒரு வேலையை முடிச்சுக் குடுக்குறவர். ப்ரோக்ராம் மேனேஜர் ஒரே குறிக்கோளுக்காக ஓடுற பல ப்ராஜெக்ட்டை ஒண்ணோட ஒண்ணு இடிக்காம ஓட்டுறவர். டெக்னிக்கல்னு முன்னாடி ஒட்டிருந்தா, டிபிஎம்னு சொல்லுவாங்க, அதுக்கு சிஸ்டம் டிசைன் கேள்வியும் வரும். ஆனா பேரை மட்டும் நம்பாதீங்க, மைக்ரோசாஃப்ட்ல ரொம்ப வருஷமா ப்ரோக்ராம் மேனேஜர்னு சொன்னதே மத்த கம்பெனில ப்ராடக்ட் மேனேஜர் பாக்குற வேலையைத்தான். ஜாப் டிஸ்க்ரிப்ஷனை பிரிண்ட் எடுத்து என்னென்ன செய்யச் சொல்லிருக்காங்கனு பேனாவால கோடு போடுங்க. டிபெண்டென்சி (ஒரு டீம் வேலை இன்னொரு டீமை நம்பி இருக்குறது), ரிஸ்க், டைம்லைன், கவர்னன்ஸ்னு திரும்பத் திரும்ப வந்தா அது நம்ம ப்ரோக்ராம் வேலை. கஸ்டமர் ரிசர்ச், ரோட்மேப், விஷன்னு வந்தா அது ப்ராடக்ட்.

சிவி பத்தி ரொம்ப சொல்ல மாட்டேன். இந்த ஊர் வழக்கப்படி ஐடி நம்பர், கல்யாணம் ஆச்சா, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் மேல போட்டு ரெண்டு பக்கத்தை நிரப்பாதீங்க, பெரிய கம்பெனிக்கு அது ஒண்ணும் வேணாம். ஒவ்வொரு வரிலயும் ஒரு நம்பர் இருக்கட்டும், எத்தனை டீம், எத்தனை மாசம், எவ்வளவு ரேண்ட். உள்ள வேலை பாக்குற யாராவது ரெஃபர் பண்ணா நல்லது, ஆனா தெரியாதவங்க லிங்க்ட்இன்ல வந்து "அக்கா ரெஃபர் பண்ணுங்க"னு ஒத்தை வரி அனுப்பினா நானே பதில் போட மாட்டேன். ஜாப் ஐடியோட, இந்த வேலைக்கு நான் ஏன் சரினு மூணு வரி எழுதி அனுப்புங்க, நாங்க அப்படியே காப்பி பண்ணி உள்ள போட்டுருவோம்.

நடைமுறை ஏறக்குறைய எல்லா எடத்துலயும் ஒண்ணு தான். ரெக்ரூட்டர் அரை மணி நேரம் பேசுவாங்க, அப்புறம் ஹயரிங் மேனேஜரோ டீம்ல ஒருத்தரோ ஒரு ஸ்க்ரீனிங், அதுல தேறினா லூப். லூப்னா நாலுல இருந்து ஆறு பேர், ஒவ்வொருத்தரும் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ, ஒரே நாள்லயோ ரெண்டு நாளா பிரிச்சோ. அதுல ஒருத்தர் சியாட்டில்ல இருப்பார், ஒருத்தர் டப்ளின்ல, ஒருத்தர் ஹைதராபாத்ல. நம்ம ஊர்ல கடிகாரத்தை மாத்துற வழக்கம் இல்ல, அவங்க ஊர்ல உண்டு, அதனால சியாட்டில் நமக்கு அவங்க கோடைல 9 மணி நேரம் பின்னாடி, குளிர் காலத்துல 10 மணி நேரம் பின்னாடி. மார்ச்லயும் நவம்பர்லயும் இன்டர்வ்யூ இருந்தா ரெண்டு தடவை செக் பண்ணிக்கங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து லாபில காத்துக்கிட்டு இருந்தாலாவது பரவாயில்ல, லேட்டா போய் நின்னா டைம்லைன் பாக்குற வேலைக்கு வந்தவ டைம் பாக்கலையேனு சிரிப்பாங்க. நைட் ஏழு எட்டு மணிக்கு ரவுண்டு இருந்தா அன்னைக்கு மதியம் லீவு போட்டு ஒரு மணி நேரம் தூங்குங்க, நான் ஆபீஸ்ல நாள் பூரா மீட்டிங்ல கத்திட்டு வந்து கடைசி ரவுண்டுல கேள்வியே காதுல விழாம முழிச்சிருக்கேன்.

இனி மெயின் விஷயத்துக்கு வரேன். பிஹேவியரல் கேள்வி. "எப்போவாவது ஒரு டெட்லைன் கை நழுவிப் போற நிலைமை வந்துச்சா, என்ன பண்ணீங்க", "உங்களுக்கு ரிப்போர்ட் பண்ணாத ஒருத்தரை எப்படி சம்மதிக்க வச்சீங்க", "மேனேஜரோட ஒத்துப்போகாத சந்தர்ப்பம் சொல்லுங்க", இந்த மாதிரி. இதுல தான் நான் மொத லூப்ல தோத்தேன். எந்த கம்பெனினு சொல்ல மாட்டேன், தப்பும் அவங்க மேல இல்ல. நான் சொன்ன பதில் இது, இன்னும் ஞாபகம் இருக்கு (பாப்பியா இந்த ஊர்ச் சட்டம் ஒண்ணு, கீழ சொல்றேன்): "நாங்க பாப்பியா ப்ரோக்ராமை சக்சஸ்ஃபுல்லா டெலிவர் பண்ணோம், நிறைய சேலஞ்ச் இருந்துச்சு, எல்லா ஸ்டேக்ஹோல்டரையும் அலைன் பண்ணோம், டைமுக்கு முடிச்சோம்." இன்டர்வ்யூ எடுத்த அம்மா கேட்டாங்க, சரி, நீ என்ன பண்ண? நான் திரும்ப "நாங்க"னு ஆரம்பிச்சேன். திரும்பக் கேட்டாங்க, அதுல நீ? மூணாவது தடவை கேக்கும்போது குரல்ல ஒரு பரிதாபம் இருந்துச்சு பாருங்க, அதோட எனக்குத் தெரிஞ்சு போச்சு.

நம்ம வளர்ப்பு அப்படி. நான் நான்னு சொல்லிக்கிறவளை வீட்ல என்ன சொல்லுவாங்கனு உங்களுக்கே தெரியும். அவங்களுக்கும் பீத்தல் வேணாம், ஆனா எந்த முடிவு உங்க தலைல இருந்து வந்துச்சுனு தெரியாம மார்க் போட முடியாது, அவங்க முன்னாடி ஒரு ஃபார்ம் இருக்கு, அதுல டீமைப் பத்தி எழுத எடமே கிடையாது. செஞ்சது எல்லாரும், சரி, யார் முடிவு எடுத்தா, யார் முடியாதுனு சொன்னா, யார்கிட்ட போய் யார் நின்னா, இதைப் பிரிச்சுச் சொல்லுங்க.

அதே பாப்பியா கதையை ரெண்டாவது கம்பெனில எப்படிச் சொன்னேன்னு காட்டுறேன். பாப்பியானா தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்க இருக்கவங்களுக்குத் தெரியும், 2020 ஜூலை 1ல நடைமுறைக்கு வந்து ஒரு வருஷம் அவகாசம் குடுத்தாங்க, 2021 ஜூலை 1ல இருந்து மாட்டினா மாட்டினது தான். நான் இருந்த எடத்துல 14 சிஸ்டம், 6 டீம். கஸ்டமர் ஒருத்தர் எனக்கு விளம்பர எஸ்எம்எஸ் வேணாம்னு சொன்னா அது எல்லா சிஸ்டத்துலயும் போய் ஒக்காரணும், அது என் பொறுப்பு. இவ்வளவு தான் முன்கதை, அரை நிமிஷம். அப்புறம் தப்பை நானே சொன்னேன். ஒரு டீம் லீட் அஞ்சு வாரமா "கிட்டத்தட்ட முடிஞ்சுருச்சு"னு சொல்லிட்டே இருந்தார், நானும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல பச்சை, அதாவது எல்லாம் சரியா போகுதுனு, போட்டுட்டே இருந்தேன், டெட்லைனுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஓட்டிக் காட்டுங்கனு கேட்டேன், ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு சாயங்காலமே சிவப்பு போட்டு மேல அனுப்பினேன், அஞ்சு வாரமா நான் செக் பண்ணாம பச்சை போட்டேன்னும் அதுலயே எழுதினேன்.

அப்புறம் என்ன பண்ணேன்னு வந்தேன், இதுக்கு ரெண்டரை நிமிஷம் எடுத்துக்கிட்டேன். 14 சிஸ்டத்தையும் ஒரு ஷீட்டுல போட்டுப் பாத்தா கஸ்டமருக்கு மெசேஜ் அனுப்புறது 5 தான், மத்த 9ல டேட்டா இருக்கும் ஆனா அதுல இருந்து வெளிய எதுவும் போகாது. அந்த 5ஐ முன்னாடி இழுத்தேன். ரிப்போர்ட்டிங் டீம்ல இருந்து ரெண்டு டெவலப்பரை மூணு வாரத்துக்குக் கேட்டேன், அவங்க மேனேஜர் முடியாதுனு சொன்னார், அவரோட டேஷ்போர்டு ஒரு மாசம் தள்ளிப்போனா யாருக்கு நஷ்டம்னு அவரோட பிசினஸ் ஹெட்டையே கூட்டிட்டு வந்து கேக்க வச்சேன், தள்ளிப் போகலாம்னு அவரே எழுதிக் குடுத்தார். அதுக்கும் ஆகாம போனா என்னனு, தினமும் நைட் ஓடுற ஒரு ப்ளாக் லிஸ்ட் ஃபைலை இடைக்கால ஏற்பாடா லீகல்கிட்ட அப்ரூவல் வாங்கி வச்சேன். அந்த அஞ்சும் ஜூன் 24ல முடிஞ்சுது, ப்ளாக் லிஸ்டைத் தொட வேண்டி வரல, மத்த ஒன்பதும் மாசக் கடைசி நாள் சாயங்காலம் தான் முடிஞ்சுது. அன்னைல இருந்து ஓட்டிக் காட்டாத எதுக்கும் நான் பச்சை போடுறதில்ல.

ரெண்டும் ஒரே சம்பவம் தான். ஸ்டார்னு ஒரு முறை சொல்லுவாங்க, சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட், எல்லாரும் படிச்சுட்டுத் தான் வராங்க, ஆனா வரவங்க சிச்சுவேஷன்லயே மூணு நிமிஷம் கம்பெனி வரலாறு சொல்லிட்டு ஆக்‌ஷனை ரெண்டு வரில முடிச்சுர்றாங்க. தலைகீழா பண்ணுங்க. அப்புறம் அவங்க தோண்டுவாங்க, அந்த மேனேஜர் சரியா என்ன வார்த்தை சொன்னார், வேற என்ன வழி யோசிச்ச, ஏன் அதை விட்ட, திரும்ப நடந்தா என்ன மாத்துவ. சொந்தக் கதைனா இதுக்கெல்லாம் தானா பதில் வரும், யூட்யூப்ல பாத்து இரவல் வாங்கின கதைனா ரெண்டாவது கேள்விலயே சாயம் போயிரும். நான் கேள்வி கேக்குற பக்கம் உக்காந்து பாத்துட்டேன், மூஞ்சிலயே தெரியும்.

எட்டுல இருந்து பத்து கதை தயார் பண்ணுங்க. ஒரு நோட்டுல ஒவ்வொண்ணுக்கும் அரைப் பக்கம், தேதி, எண்ணிக்கை, யார் எதிர்த்தாங்க, நான் எடுத்த முடிவு, என்ன ஆச்சு. முழு வாக்கியமா எழுதி மனப்பாடம் பண்ணாதீங்க, திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி ஆயிரும். ரெண்டு கதையாவது உண்மையிலயே நீங்க தோத்ததா இருக்கணும். "என் பலவீனம் நான் ரொம்ப பர்ஃபெக்‌ஷன் பாப்பேன்" வகையறா வேணாம், கேட்டுக் கேட்டு எங்களுக்குப் புளிச்சுப் போச்சு.

கதைக்கு எங்க போறதுனு கேக்குறவங்களுக்கு ஒரு பொண்ணைப் பத்தி சொல்றேன். சாட்ஸ்வொர்த் பொண்ணு, ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில கோஆர்டினேட்டர். தமிழ் பேச வராது, சாமி பேரும் சாப்பாட்டுப் பேரும் மட்டும் தமிழ்ல வரும், ஆனா என்னை அக்கானு தான் கூப்பிடுவா. வீடியோல மாக் இன்டர்வ்யூ, அதாவது ஒத்திகை இன்டர்வ்யூ, பண்ணோம். ஆபீஸ் கதை ஒவ்வொண்ணும் உப்புச் சப்பில்லாம இருந்துச்சு, மெயில் அனுப்பினேன், ஃபாலோ அப் பண்ணேன், மெயில் அனுப்பினேன். போதும்மா, நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிட்டு சும்மா பேசிட்டு இருந்தோம், அப்போ தான் 2023 தைப்பூசத்துக்கு அவங்க கோயில்ல காவடி அன்னைக்கு அன்னதானம் அவ பொறுப்புல நடந்ததைச் சொன்னா.

லோட் ஷெட்டிங், அதாவது முறை வச்சு கரண்ட் கட் பண்றது, ஸ்டேஜ் நாலு, ஆறுனு ஏறி எறங்கிட்டு இருந்த சமயம். சமையல் கேஸ்ல தான், அதுக்குக் கவலை இல்ல, ஆனா தண்ணி ஏத்துற பம்பு கரண்ட்ல ஓடுது. மூணு நாள் முன்னாடி ஷெட்யூலைப் பாத்துட்டு, எந்த ரெண்டு மணி நேரம் கரண்ட் போகும், எத்தனை அண்டாவுக்குத் தண்ணி வேணும்னு கணக்குப் போட்டு, அரிசி களையுறதை எல்லாம் விடியக்காலம் நாலு மணிக்கே முடிக்கச் சொல்லிருக்கா. சமையல் பொறுப்புல இருந்த பெரியவர் நாப்பது வருஷமா ஆறு மணிக்குத் தான் அடுப்பு பத்த வைக்கிறேன், நேத்து வந்த பிள்ளை சொல்லுதுனு மாத்த மாட்டேன்னுட்டார். இவ அவர்கிட்ட வாதாடல. கமிட்டிகிட்டயும் போகல. அவர் மனைவிகிட்ட போய், தாத்தாவுக்கு மூட்டு வலி, ஆறு மணிக்கு ஆரம்பிச்சு வெயில்ல நின்னா தாங்குவாரா பாட்டினு கேட்டிருக்கா. மறுநாள் அவரே நாலு மணிக்கு வந்து எல்லாரையும் எழுப்பிருக்கார். 48 கிலோ கேஸ் சிலிண்டர் ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கச் சொன்னதுக்குப் பணம் இல்லனு சொல்லிருக்காங்க, கடைக்காரர்கிட்ட பேசி திறக்கலைனா திருப்பித் தரேன்னு வாங்கி வச்சு, கடைசில திறக்க வேண்டி வந்து, அந்தக் காசுக்கு ஒருத்தரைப் பிடிச்சு கட்ட வச்சிருக்கா.

நான் எந்திரிச்சே நின்னுட்டேன். ஏம்மா, இதை விட்டுட்டு எனக்கு மெயில் கதை சொல்லிட்டு இருந்தியேனு கத்தினேன். டிபெண்டென்சி இருக்கு, ரிஸ்க் இருக்கு, மாத்து ஏற்பாடு இருக்கு, அதிகாரம் இல்லாம ஒருத்தரை நகத்தினது இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா கோயில் கதையை மட்டும் வச்சு ஓட்ட முடியாது, ஒரு லூப்ல ஒரு தடவை சொல்லலாம், அதுவும் அனுபவம் கம்மியா இருக்கவங்க. மத்தது வேலைல இருந்து வரணும். அவகிட்ட அதே கண்ணோட உன் ஆபீஸை ஒரு தடவை பாருனு சொன்னேன், ரெண்டு வாரம் கழிச்சு துறைமுகத்துல கன்டெய்னர் தேங்கினப்போ அவ பண்ண ஒரு வேலையைத் தோண்டி எடுத்துட்டு வந்தா, அருமையான கதை, அதைச் சொல்லித் தான் ரெண்டாவது ரவுண்டு தாண்டினா.

இன்னொரு வகைக் கேள்வி, நடக்காததைக் கேப்பாங்க. "உங்க ப்ரோக்ராம்ல எட்டு டீம், ஒரு டீம் நாலு வாரம் லேட்னு சொல்றாங்க, என்ன பண்ணுவீங்க?" உடனே "எஸ்கலேட் பண்ணுவேன்"னு குதிக்காதீங்க. மொதல்ல நீங்க கேள்வி கேக்கணும். அந்த டீமோட வேலை க்ரிட்டிக்கல் பாத்ல இருக்கா, அதாவது அது நின்னா மொத்தமும் நிக்குமா, இல்ல ஓரமா ஓடுறதா? நாலு வாரம்னு எதை வச்சு சொன்னாங்க? கடைசி தேதி சட்டம் போட்டதா, கஸ்டமர்கிட்ட வாக்கு குடுத்ததா, நம்மளா வச்சுக்கிட்டதா? இதுக்கு அவங்க சொல்ற பதில்ல தான் உங்க பதிலே மாறும். அப்புறம் வழிகளை வைங்க, வேலையைக் குறைக்கலாம், ஆளைச் சேக்கலாம், தேதியைத் தள்ளலாம், மத்த டீம் இதுக்காகக் காத்திருக்காம பொய் டேட்டா வச்சு டெஸ்ட் பண்ணிட்டு இருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் என்ன விலைனு சொல்லி, நான் இருந்தா இதைத்தான் பரிந்துரை பண்ணுவேன்னு ஒண்ணுல வந்து நில்லுங்க. எல்லாத்தையும் வரிசையா சொல்லிட்டு "டிபெண்ட்ஸ்"னு முடிச்சா மார்க் போச்சு. கடைசி நேரத்துல ஆளைச் சேக்குறது பெரும்பாலும் இன்னும் லேட்டாக்கும், புது ஆளுக்குச் சொல்லிக் குடுக்கவே பழைய ஆள் வேணும், இதைச் சொன்னா எதிர்ல இருக்கவர் தலையாட்டுவார்.

டெக்னிக்கல் ரவுண்டுக்குக் கோடிங் பெரும்பாலும் கேக்க மாட்டாங்க, ஆனா சிஸ்டம் எப்படி ஓடுதுனு தெரியாம இருக்க முடியாது. நம்ம ஊர் உதாரணத்தையே வச்சுப் பழகுங்க. 2024 மார்ச் 14ல ஆப்பிரிக்காவோட மேற்குக் கரைல ஐவரி கோஸ்ட் பக்கம் நாலு கடலடிக் கேபிள் ஒரே சமயத்துல பழுதாச்சு, வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3. இங்க நம்ம மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் காலே தடுமாறுச்சு, ஞாபகம் இருக்கும். டேட்டா சென்டர் ஜோஹன்னஸ்பர்க்லயே இருக்கும்போது ஏன் கேபிள் அறுந்தா பாதிக்கணும்? இந்த ஒரு கேள்வியை எடுத்து ஒரு சாயங்காலம் பூரா யோசிங்க. டேட்டா உள்ளூர்ல இருந்தாலும் லாகின் சரிபார்க்குறது எங்க நடக்குது, வேற எந்த சர்வீஸை அது கூப்பிடுது, அந்த சர்வீஸ் ஐரோப்பால இருந்தா என்ன ஆகும், ஜோஹன்னஸ்பர்க்ல இருந்து லண்டன் போய்ட்டு வர 150 மில்லிசெகண்டுக்கு மேல ஆகுமே, சுத்துவழில போனா எவ்வளவு ஆகும், ஒரு ஸ்க்ரீன் திறக்க அந்த மாதிரி இருபது தடவை போய் வந்தா என்ன ஆகும். ஒரு படம் வரைஞ்சு அம்புக்குறி போட்டு இதை இன்னொருத்தருக்கு விளக்க முடிஞ்சா ப்ரோக்ராம் மேனேஜருக்கு அது போதும். டிபிஎம்னா இன்னும் ஆழமா போகணும், கேஷ், கியூ, டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன், ஃபெயில்ஓவர் எல்லாம். தெரியாததைத் தெரியும்னு மட்டும் சொல்லாதீங்க, இந்தப் பகுதி இன்ஜினியர்கிட்ட கேப்பேன், கேக்குற கேள்வி இதுனு சொல்லுங்க.

கம்பெனிக்கு கம்பெனி ருசி வேற. அமேசான்ல 16 லீடர்ஷிப் ப்ரின்சிபிள் இருக்கு, கடைசி ரெண்டு 2021ல சேத்தது, ஒவ்வொரு ஆளும் ரெண்டு மூணு ப்ரின்சிபிளைப் பங்கு போட்டுக்கிட்டு வருவாங்க, உங்க பத்து கதையையும் எதுக்கு எது பொருந்தும்னு கோடு போட்டு வச்சுக்கங்க, ஒரே கதையை ரெண்டு பேர்கிட்ட சொல்லாதீங்க, அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசும்போது தெரிஞ்சுரும். அந்தக் கூட்டத்துல பார் ரெய்சர்னு வேற டீம்ல இருந்து ஒருத்தர் இருப்பார், அவசரத்துக்கு ஆள் எடுத்துறக் கூடாதுனு பாக்குறது அவர் வேலை, யாருனு கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்க, நேரம் தான் வேஸ்ட். அங்க பவர்பாயிண்ட்டுக்குப் பதிலா ஆறு பக்கம் எழுதி மீட்டிங் ஆரம்பத்துல எல்லாரும் அமைதியா படிக்கிற வழக்கம், அதனால எழுதிக் காட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க. கூகுள்ல நாலு விஷயம் பாப்பாங்க, யோசிக்கிற திறன், லீடர்ஷிப், வேலை அறிவு, அப்புறம் கூகுளினெஸ்னு ஒண்ணு, அதாவது நிச்சயமில்லாத சூழ்நிலைல பதறாம மத்தவங்களோட ஒட்டி வேலை செய்வீங்களானு. முடிவை உங்ககிட்ட பேசினவர் தனியா எடுக்க மாட்டார், கமிட்டி எடுக்கும், அதனால நீங்க சொன்னதை அவர் எழுதிக்கணும், நிறுத்திப் பேசுங்க.

பேச்சு. டர்பன் பிள்ளைங்களுக்கு வேகம் ஜாஸ்தி, "ப்ரூ", "லக்கா" எல்லாம் தானா வந்து விழும், அழகா தான் இருக்கும், ஆனா சியாட்டில்காரருக்குப் புரியாது. நம்ம தமிழ்நாட்டு ஆளுங்களுக்கு "சார்", "டூ த நீட்ஃபுல்", "ப்ரிப்போன்". ஆக்சென்ட்டை மாத்த வேணாம், வேகத்தைக் குறைங்க, பேர் சொல்லிக் கூப்பிடப் பழகுங்க. அப்புறம் தயவு பண்ணி அமெரிக்காக்காரர்கிட்ட "ஐ வில் சென்ட் இட் ஜஸ்ட் நவ்"னு சொல்லிறாதீங்க, அவர் மெயில்பாக்ஸைத் திறந்து வச்சுக் காத்துட்டு இருப்பார்.

அன்றைய நாள் ஏற்பாடு ரொம்ப லேசு. முந்தின நாள் நைட் எஸ்கம்செபுஷ்ங்கிற ஆப்ல உங்க ஏரியா கரண்ட் கட் ஷெட்யூலைப் பாருங்க, லோட் ஷெட்டிங் இல்லாத காலமா இருந்தாலும் பாருங்க, தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சா அவங்க ஷெட்யூல் பாத்துட்டு வெடிக்காது. ரூட்டருக்குக் குட்டி யுபிஎஸ், ஃபோன்ல டேட்டா, லேப்டாப் ஃபுல் சார்ஜ். கரண்ட் போச்சுனா பதறாம "ஃபோன்ல இருந்து திரும்ப வரேன், ரெண்டு நிமிஷம்"னு சொல்லி ரெண்டு நிமிஷத்துல வாங்க. அதையே ஒருத்தர் ரிஸ்க் மேனேஜ்மென்ட்னு எனக்கு நல்லதா எழுதினதா பின்னாடி கேள்விப்பட்டேன்.

கடைசில "எங்களைக் கேக்க எதுவும் இருக்கா"னு கேப்பாங்க. இல்லனு சொல்லாதீங்க. போன வருஷம் இந்த டீம்ல லேட்டான ப்ரோக்ராம் எது, ஏன்? ரெண்டு டீம் சண்டை போட்டா யார் முடிவு சொல்லுவாங்க? இந்த ரெண்டும் கேட்டாலே உள்ள நிலவரம் தெரிஞ்சுரும். நான் ஒரு எடத்துல வேணாம்னு வந்தது இந்த ரெண்டாவது கேள்விக்கு நாலு பேர் நாலு விதமா பதில் சொன்னதால தான். எப்போ சொல்லுவீங்கனு ரெக்ரூட்டர்கிட்ட ஒரு தேதியும் வாங்கிக்கங்க, அந்தத் தேதி தாண்டினா மறுநாள் ஒரு மெயில், அவ்வளவு தான், தினமும் போடாதீங்க.

ஆஃபர் வந்தா காஸ்ட் டு கம்பெனி நம்பரைப் பாத்து மயங்கிறாதீங்க, மெடிக்கல் எய்டும் (மருத்துவச் செலவுத் திட்டம்) பென்ஷனும் அதுக்குள்ளயா வெளியயானு கேளுங்க, இங்க பெரும்பாலும் உள்ள தான் இருக்கும். ஷேர் குடுத்தா டாலர்ல இருக்கும், எந்த வருஷம் எவ்வளவு கைக்கு வரும்னு கேளுங்க, அமேசான்ல ரொம்ப நாளா இருந்த வழக்கம் நாலு வருஷத்துல 5, 15, 40, 40 சதவீதம், அதாவது மொத ரெண்டு வருஷம் கைல பெருசா ஒண்ணும் வராது, அதுக்கு ஈடா ஜாயினிங் போனஸ் குடுப்பாங்க. ஷேர் கைக்கு வர அன்னைக்கே சார்ஸ், அதாவது இங்க இருக்க வரித்துறை, அதைச் சம்பளம் மாதிரி வரி போடும், விக்கலைனாலும் போடும். பேக்ரவுண்ட் செக்ல டிகிரி, க்ரிமினல் ரெக்கார்டு, சில எடத்துல கடன் விவரம் கூட பாப்பாங்க, இந்தியா டிகிரினா சாக்வாங்கிற இந்த ஊர்த் தகுதி ஆணையத்துல இருந்து மதிப்பீட்டுச் சான்று கேப்பாங்க, அது வர நாளாகும், இன்டர்வ்யூ வரும்போதே அப்ளை பண்ணிருங்க. ஒரு வருஷத்துக்கு மேல வேலை பாத்திருந்தா சட்டப்படி நாலு வாரம் நோட்டீஸ், உங்க கான்ட்ராக்ட்ல அதுக்கு மேல கூட போட்டிருக்கலாம், பழைய பேப்பரை எடுத்துப் படிச்சுட்டு அப்புறம் சேருற தேதியைச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்ட லெட்டர் கைக்கு வந்து, செக் எல்லாம் க்ளியர்னு மெயில் வர வரைக்கும் இப்போ இருக்க மேனேஜர்கிட்ட வாயைத் திறக்காதீங்க, சாமி கும்பிடப் போன எடத்துலயும் தான், மெல்ரோஸ்ல சொன்னா சாயங்காலத்துக்குள்ள நம்மாளுங்க நிறைய இருக்க லெனேஷியா பூரா தெரிஞ்சுரும்.